கன்னிகா சேர்க்கச் சொன்ன வரி

கன்னிகா தன் நிழலையே இரண்டு தரம் திரும்பிப் பார்க்கிற ரகம். ஆந்திரப் பக்கம் புத்தூரில் சமையல் கூடம் வைத்து, ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனிக்கு மதியச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பெனி அடுத்த மாதம் மூடப்போகிறது. பக்கத்துப் பெரிய தொழிற்சாலையின் கேன்டீன் கிடைத்தால் பிழைத்தாள். இல்லையென்றால் அவளும் அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

கடைப் பெயரிலேயே மெயில் இருந்தால்தான் மேலே இருப்பவர்கள் மதிப்பார்கள் என்றாள் அந்தத் தொழிற்சாலையின் தெலுங்குக்கார அதிகாரி ஷோபா. திருப்பதி லாட்ஜ் ஒன்றில் கம்ப்யூட்டர் பார்க்கும் கொழுந்தன் ரகு அதைச் செய்து கொடுத்தான். மெயில் விலாசத்தில் தன் கடைப் பெயரைப் பார்த்ததும் கன்னிகாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"போலி ஆளுங்க ஜாஸ்தி அண்ணி. எங்க லாட்ஜ் பேர்லயே எவனோ மெயில் உட்டு, ரூம்புக்குன்னு பக்தருங்க கிட்ட காசு கறந்துட்டான்" என்றான் ரகு.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "அப்போ ஷோபா மேடத்துக்கு எழுது. இனிமே இதுலேர்ந்து வந்தாத்தான் நாங்க. இத்தினி நாளா நாங்க அனுப்பின பழைய ஜிமெயில்ல வந்தா நம்பாதீங்கன்னு ஒரு வரி சேத்துப் போடு."

ரகு சிரித்துக்கொண்டே அனுப்பினான்.

மறுநாள் அவள் தன் போனில் அந்த மெயிலைத் திறக்கப் பார்த்தாள். ஓடிபி ரகுவின் போனுக்குப் போயிற்று. என் கடைச் சாவி இவன் இடுப்பிலா? சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ரகு, அதே ஊரில் சமையல் கூடம் வைத்திருக்கும் அப்பாவுவோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தான். இவளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான்.

"அவராண்ட இன்னா பேச்சு?"

"சும்மாதான் அண்ணி. அப்பால சொல்றேன்."

போதாதா? கேன்டீனுக்கு நாம் கேட்கப்போகும் விலையை அங்கே போட்டுக்கொடுக்கிறான் என்றே முடிவு கட்டினாள். தொழிற்சாலை கொடுத்த கெடுவின் கடைசி நாளன்று யாரிடமும் மூச்சு விடாமல், பழைய ஜிமெயிலிலிருந்து தானே விலையை அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுத்தாள்.

மறுநாள் மத்தியானம் ஷோபா கூப்பிட்டாள். "கன்னிகா காரு, ஜாக்கிரதை! உங்க பேர்ல எவனோ மோசம் பண்றான். பழைய ஜிமெயில்லேர்ந்து ரேட்டு வந்துச்சி. நீங்க எழுதினது ஞாபகம் இருந்துச்சி, பிரிக்காமலே அழிச்சிட்டேன். ஆமா, உங்க ரேட்டு ஏன் வரல?"

"ஐயோ மேடம், அது நான்தான்!"

"காலையிலேயே கேன்டீன வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களே" என்றாள் ஷோபா.

போனை வைப்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெரிய பெரிய அண்டாக்களுக்கு நடுவே ரகு உட்கார்ந்திருந்தான்.

"அப்பாவு தொழில உட்டுட்டு மவன் வூட்டுக்குப் போறாரு அண்ணி. கேன்டீனுக்கு நம்ம அண்டா பத்தாதுன்னு கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கினு வந்தேன். தரேன்னு சொல்றவரைக்கும் உங்கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன். எங்க எறக்கட்டும்?"

இனி எந்தக் கேன்டீனுக்கு இந்த அண்டா? கன்னிகா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள், ஒன்றையும் இறக்க விடவில்லை.