படத்தின் முதுகு

பகல் பதினொன்று நாற்பதுக்குச் சம்பந்தி மூன்றாவது ஓவியக் கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளினார். ஃப்ரேம் கடைக்காரர் பின்னால் நுழைந்தார். மகளின் மாமனார் படம் வாங்கத் துணைக்குக் கூப்பிட்டால் கடையைச் சாத்திவிட்டு வர வேண்டியதுதான்.

சம்பந்தி ஓய்வுபெற்ற நில அளவையாளர். சட்டைப்பையில் அளவு நாடா இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். முதல் கூடத்தில் ஒரு கடல் ஓவியத்தை அளந்துவிட்டு, "அடிக்கு இவ்வளவுன்னா மனையே மலிவு சம்பந்தி" என்றார். அங்கிருந்த பெண் சிரிக்கவில்லை. இரண்டாவது கூடத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நல்ல படம்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

"திருப்பிப் பின்னால பாருங்க. துணிய எப்படி மடிச்சிருக்கான், ஆணிய எப்படி அடிச்சிருக்கான்னு பாருங்க. படத்தோட மூஞ்சி பொய் சொல்லும். முதுகு சொல்லாது."

சொன்னபோது ஃப்ரேம் கடைக்காரருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மூன்றாவது கூடத்தின் எதிர்ச்சுவர்ப் படத்தில் ஒரு மஞ்சள் கதவு. அதன் முன்னால் ஒரு காலி நாற்காலி. ஃப்ரேம் கடைக்காரரின் கண் நேரே அந்த நாற்காலியின் கால்களுக்குப் போனது.

நாற்காலியின் நான்காவது கால் அசலில் நிழலோடு கரைந்திருக்கும். நகல் வரைந்தபோது அவருக்கு அது வரவில்லை. மூன்று முறை அழித்துப் போட்டார். இங்கே அது கரையாமல் நின்றது.

ஒன்பது வருடம் ஆயிற்று. தங்க விளிம்புக் கண்ணாடி போட்ட ஒருவர் அசலைக் கடைக்குக் கொண்டுவந்து, அச்சு அசலாக இன்னொன்று கேட்டார். அசலைப் பூட்டி வைத்துவிட்டு நகலைச் சுவரில் மாட்டப் போவதாகச் சொன்னார். பழைய துணியும் துருப்பிடித்த ஆணிகளும் அவரே கொடுத்தார். மாட்டி வைப்பதற்குத் துரு எதற்கு என்று ஃப்ரேம் கடைக்காரர் கேட்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது.

கூடத்து முதலாளி உள்ளறையிலிருந்து வந்தார். அதே தங்க விளிம்புக் கண்ணாடி.

"இவரு என் சம்பந்தி. ஃப்ரேம் போடறவரு. படத்துக்கே நாடி புடிச்சுப் பாப்பாரு."

"அப்படியா? நாம சந்திச்சதே இல்லையே" என்றார் முதலாளி, ஃப்ரேம் கடைக்காரரின் கண்ணைப் பார்த்து. "குடும்பத்தோட வந்திருக்கீங்க. சந்தோஷம்."

சம்பந்தி மஞ்சள் கதவின் முன் நின்றுவிட்டார். நாடாவை எடுக்கவில்லை.

"யாரோ இப்பத்தான் எழுந்து உள்ள போன மாதிரி இருக்கு, இல்ல?"

"அறுபது வருஷப் படம்" என்றார் முதலாளி. "அன்னைக்கு மரச்சட்டத்துல ஏத்தி ஆணி அடிச்சது. அப்புறம் ஒருத்தரும் கை வைக்கல."

அவர் சொன்ன விலை சம்பந்தியின் ஓய்வுப் பணத்தில் பாதி. சம்பந்தி தலையாட்டினார்.

போலி என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் மனுஷன் ஓய்வுப் பணத்தில் பாதியை இவர் கிறுக்கியதற்குக் கொட்டுவார். இரண்டில் எது நடந்தாலும் மகள் அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும். ஃப்ரேம் கடைக்காரர் சம்பந்தியின் முழங்கையைத் தொட்டார்.

"இன்னும் ரெண்டு இடம் பாத்துட்டு வரலாமே."

"தாராளமா" என்றார் முதலாளி. "மூணு மணிக்கு வேற ஒருத்தர் வர்றாரு."

"அப்ப முதுகப் பாத்துடுவோம்" என்றார் சம்பந்தி.

"வேண்டாம்!"

ஃப்ரேம் கடைக்காரரின் குரல் கூடத்தில் எதிரொலித்தது. இருவரும் திரும்பினார்கள்.

"பழைய படம்... உதிர்ந்துடும்."

"நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?" சம்பந்தி சிரித்தபடி படத்தைக் கழற்றி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாய்த்துவைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வரப்பில் ஒரு விரற்கடை தள்ளிக் கல் நட்டிருந்தாலும் கண்டுபிடித்தவர். கீழ் மூலையில் துணி மடிந்திருந்த இடத்தை விரலால் தொட்டார். எல்லோரும் மடிக்கும் பக்கம் அல்ல. ஆணிகள் அத்தனையும் காற்றடித்த புல்போல ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

ஃப்ரேம் கடைக்காரர் தன் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஐம்பது வருடமாகச் சுத்தியல் பிடித்த கை.

சம்பந்தி எழுந்திருக்கவில்லை. சிரிப்பு போயிருந்தது.

"போன மாசம் வெள்ளையடிக்கிறப்ப, கல்யாணத்துக்கு நீங்க வரைஞ்சு குடுத்த படத்தக் கழட்டினேன் சம்பந்தி. அதுலயும் மூலைய இதே மாதிரிதான் மடிச்சிருந்துது, ஆணியும் இதே பக்கந்தான் சாஞ்சிருந்துது. இது யாரு கை?"