மடங்காத கணுக்கால்

ஜெறோமின் தகப்பன் நாற்பத்திரண்டு வயதில் நெஞ்சு அடைத்துச் செத்துப்போனார். தமையன் லெனாட் நாற்பத்துமூன்றில். இருவருமே காலையில் கடலுக்குப் போய்த் திரும்பி, தேத்தண்ணி குடித்துவிட்டுச் சாய்ந்தவர்கள். லெனாட்டை அடக்கம் செய்த கிழமையே ஜெறோம் ஓடத் தொடங்கினான். அப்போது அவனுக்கு முப்பத்தெட்டு.

குருநகரில் படகு என்ஜின்கள் திருத்தும் கடை வைத்திருந்தான். தினமும் விடிய எழும்பி, தீவுகளுக்குக் கடலை ஊடறுத்துப் போகும் பண்ணை வீதியால் பாதித் தூரம் ஓடித் திரும்புவான். யாராவது கேட்டால் உடம்பைக் குறைக்கத்தான் என்பான். உண்மையில், ஓடுகிற அந்த முக்கால் மணி நேரம் மட்டுமே அவனுக்குப் பயம் இல்லாமல் இருந்தது. இவ்வளவு தூரம் ஓடுகிற நெஞ்சு எப்படி நிற்கும் என்று நினைத்துக்கொள்வான்.

ஆனால் கால் விடவில்லை. முதல் வருடம் வலது குதிக்காலுக்கு மேலே வீங்கியது. ஆறு கிழமை ஓய்வெடுத்தான். பிறகு அதே காலில் முன்னெலும்பு நொந்தது. அது ஆறியதும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஓடுகிற சப்பாத்தை மாற்றினான், எண்ணெய் போட்டு உருவினான். ஒவ்வொரு முறையும் நோவு போய்விடும், ஓடத் தொடங்கி இரண்டு மாதத்தில் திரும்பி வரும். ஓட முடியாத நாட்களில் என்ஜினைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கிறீஸ் பிடித்த விரல்களைக் கழுத்தில் வைத்து நாடி பார்ப்பான்.

“ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்டிப்போட்டு வாங்கோவன்,” என்று மனைவி சிசிலியா பலமுறை சொல்லிவிட்டாள்.

“ஓம், பாப்பம்,” என்பான். போகமாட்டான். அங்கே அவர்கள் என்ன சொல்லுவார்களோ என்பதுதான் அவனுடைய பயம்.

பங்குனியில் அவனுக்கு நாற்பத்திரண்டு முடிந்தது. கெண்டைக்கால் ஒரு கிழமையாக இறுகிப்போயிருந்தது. சிசிலியா கேட்டபோது சுகமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு ஓடப் போனான்.

பாதி வழியில் யாரோ பின்னாலிருந்து கல்லால் எறிந்ததுபோல் கெண்டைக்காலில் ஓர் அடி. திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. அடுத்த எட்டு வைக்க முடியாமல் தார் ரோட்டில் விழுந்தான். எழும்பப் பார்த்தான், வலது கால் ஊன்ற மறுத்தது. இரண்டு பக்கமும் கடல். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. வாகனம் ஒன்றையும் காணவில்லை.

அப்போதுதான் வியர்த்தது. இடது கை விறைப்பதுபோல் இருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ இறுக்கிப் பிடித்தது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை. அப்பாவுக்கும் அண்ணைக்கும் இப்படித்தான் வந்திருக்கும் என்று நினைத்தான். போனை எடுத்து நம்பரை மூன்று தரம் பிழையாக அழுத்தினான்.

“சிசிலியா, விழுந்திட்டன்.”

“எங்கை?”

“பண்ணையிலை. நெஞ்சும் ஒரு மாதிரிக் கிடக்கு. பிள்ளையளுக்குச் சொல்லாதை.”

“போனை வையாதேங்கோ. என்னோடை கதைச்சுக்கொண்டே இருங்கோ,” என்றாள். அவள் ஓடுகிற சத்தம் போனில் கேட்டது. அவனால் கதைக்க முடியவில்லை. மாதாவை நினைத்தான். பாதியில் செபத்தின் சொற்கள் மறந்துபோயின.

தீவுப் பக்கமிருந்து வந்த முதல் பஸ் அவனைக் கண்டு நின்றது. கொண்டக்டரும் இன்னொருவரும் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். கொண்டக்டரே போனை வாங்கிச் சிசிலியாவை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். பஸ் எங்கும் நிற்காமல் நேரே அங்கே போனது. வாசலில் சிசிலியா வெறுங்காலோடு நின்றாள்.

நெஞ்சில் வயர்களை ஒட்டியபோது அவன் கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“கையை விடுங்கோ அண்ணை. ஆடினால் கோடு சரியா விழாது,” என்றாள் தாதி.

கோடு விழுந்த கடதாசி மெஷினிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த நேரம்தான் அவன் வாழ்க்கையிலேயே நீளமான நேரம். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, “ஹார்ட் அற்றாக் இல்லை,” என்றார். “கெண்டைக்கால் தசை கிழிஞ்சிருக்கு. நெஞ்சு இறுக்கினது பயத்திலை. ஆனால் பிறஷர் நூற்றி எழுபதுக்கு மேலை நிக்குது. கடைசியா எப்ப பாத்தனீங்கள்?”



“ஒருநாளும் பாக்கேல்லை டொக்டர்,” என்றாள் சிசிலியா. தகப்பனையும் தமையனையும் பற்றி அவள்தான் சொன்னாள். டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, முழுவதையும் கேட்டார். இரத்தம் எடுத்தார்கள். இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். பிறஷர் நெடுங்காலமாகக் கூடியிருந்ததால் இதயச் சுவர் சற்றுத் தடித்திருந்தது. குளிசையை ஒழுங்காகப் போட்டால் கட்டுப்படுத்தலாம் என்றார்கள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு சிசிலியாவோடு காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவுக்குப் போனான். அங்கே தனுசியா என்ற பெண், சுவரைப் பார்த்து நின்று, குதிக்கால் எழும்பாமல் முழங்காலைச் சுவரில் முட்டச் சொன்னாள். இடது பாதம் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியிருந்தும் முழங்கால் முட்டியது. வலது பெருவிரலைச் சுவரோடு ஒட்டி வைத்தும் முட்டவில்லை.

“இந்தக் காலுக்கு முந்தி என்ன நடந்தது?”

“பத்தொன்பது வயசிலை வள்ளம் சறுக்கி மேலை விழுந்தது மிஸ். மூண்டு மாசம் அசைக்காமல் கட்டி வைச்சிருந்தவை.”

“குந்தி இருப்பியளோ?”

“இல்லை,” என்றாள் சிசிலியா. “கடையிலையும் ஸ்டூல்தான்.” அவன் குந்தாததை ஒரு பழக்கம் என்றே இருவரும் நினைத்திருந்தார்கள்.

“கணுக்கால் மடங்கேல்லை அண்ணை. அது செய்யவேண்டிய வேலையைக் கெண்டைக்காலும் குதிநரம்பும் செய்யுது. நோவு மாறினவுடனை ஓடுறியள், மூலகாரணம் அப்பிடியே கிடக்கு. இனி நாலு மாசம் ஓடக்கூடாது.”

“நாலு மாசமோ?” என்றான். பிறகு மெதுவாக, “ஓடாட்டிச் செத்துப்போவன் எண்டு பயம் மிஸ்,” என்றான். நாலு வருடத்தில் இதை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சிசிலியா அவனையே பார்த்தாள்.

தனுசியா சிரிக்கவில்லை. “கெண்டைக்கால் ஆற ஆற நடக்கலாம், பிறகு சைக்கிள் மிதிக்கலாம். அதுவும் நெஞ்சுக்கு நல்லதுதான். கணுக்கால் முழுக்க மாறும் எண்டு சொல்லமாட்டன். கொஞ்சம் மாறும்.”

கொஞ்சம் மாறியது. காலையும் மாலையும் சுவரோடு நின்றான். குளிசை போட்டான். ஆவணியில் வலது பாதம் சுவரிலிருந்து ஒன்றரை விரல் தள்ளியிருந்தும் முழங்கால் முட்டியது. இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம் என்று தனுசியா அனுமதித்தாள். காலில் சின்னதாக ஏதாவது குத்தினாலும் நெஞ்சு திக்கென்றது. நின்றுவிடுவான். அந்தப் பயம் போகவில்லை.

புரட்டாதியில் தங்கச்சி வசந்தினிக்குப் போன் எடுத்தான். அவளுக்கு முப்பத்தொன்பது.

“நீ ஒருக்கா பிறஷர் பாக்கோணும்.”

“பயமாக் கிடக்கண்ணை,” என்றாள் அவள்.

“எனக்கும்தான். நாளைக்கு எட்டு மணிக்கு வாறன். வெளிக்கிட்டு நில்.”

மறுநாள் கிளினிக்கின் நீள வாங்கில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அவள் பெயரைக் கூப்பிட்டபோது வசந்தினி எழும்பவில்லை. ஜெறோம் எழும்பி, அவளுடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.