சாட்சித் தாமிரம்

அசோகன் காரா பன்னை இரண்டாக வெட்டினார். யோசித்து, நான்காக வெட்டினார். இரண்டு துண்டு என்றால் வருகிறவள் மடமடவென்று தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். நான்கு என்றால் மரியாதைக்காவது கொஞ்சம் உட்கார வேண்டிவரும். எட்டாக வெட்டலாமா என்று கத்தி ஒரு கணம் தயங்கியது. பன் ஒத்துழைக்கவில்லை.

பெங்களூர் விளிம்பில், சந்தாபுராவில் அவர் இருந்த அடுக்ககம் காலையில் ஆபீஸ் வண்டிகள் கிளம்பியதும் காலியாகிவிடும். அதன்பிறகு ஐந்தாவது மாடியில் மூன்று சத்தங்கள்தான் கேட்கும். தண்ணீர் லாரியின் மோட்டார், பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் வேலை முடிந்ததும் பாடும் பாட்டு, அசோகன் தொண்டையைச் செருமுவது. கடைசியதை அவர் காரணத்தோடுதான் செய்தார். பேச ஆளில்லாத தொண்டை துருப்பிடித்துவிடும் என்று அவருக்கு உறுதியான எண்ணம். ஒரு செவ்வாய்க்கிழமை கேஸ்காரனுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கதவுக்கீல் மாதிரி ஒரு சத்தம் வந்ததாகவும், எண்ணெய் போட வேண்டியது கதவுக்கா உங்களுக்கா என்று அவன் கேட்டதாகவும் சொல்வார்.

மனைவி லட்சுமம்மா மகளின் பிரசவத்துக்கென்று மூன்று மாதம் புனே போனவர். பேரனுக்கு மீசை அரும்பிவிட்டது, அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அந்த அம்மாள் கீரை ஆய்வார். ஒருமுறை அசோகன், "லட்சு, நம்ம மாடிப்படியில சிறுத்தை ஒண்ணு ஏறி வந்து பேப்பர் படிச்சிட்டுப் போச்சு" என்றார். "கதவ சாத்திக்குங்க, மாத்திரை போட்டீங்களா?" என்று பதில் வந்தது. அசோகன் பொய் சொல்கிறவர் அல்ல. நடந்ததைவிடக் கொஞ்சம் நன்றாக நடந்ததைச் சொல்வார், அவ்வளவுதான். அதற்குக் கேட்கிற காது ஒன்று வேண்டும்.

அந்தக் காது போன மாதம் தானாகவே கதவைத் தட்டியது. தாரணி என்று பெயர், தர்மபுரிப் பக்கம், வயது நாற்பதை நெருங்கும். மல்லேஸ்வரத்தில் குடியிருந்துகொண்டு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். அவள் எதையும் அளப்பதில்லை. உலகத்தில் மற்றவர்கள் அளந்து வைத்ததை எடுத்து, யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று தீர்ப்புச் சொல்வதுதான் வேலை. இட்ரியம் என்கிற உலோகத் தகட்டின்மேல் புரோட்டான் கற்றையைப் பாய்ச்சினால் சிர்கோனியம்-89 உண்டாகும். அதை ஊசியில் ஏற்றினால், உடம்புக்குள் புற்றுநோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். எந்த வேகத்தில் பாய்ச்சினால் எவ்வளவு கிடைக்கும் என்பதை ஆஸ்பத்திரிகள் நம்பி எடுத்துக்கொள்ள ஒரே ஒரு வளைகோடு வேண்டும். அந்தக் கோட்டைப் போடும் பல நாட்டுக் குழுவில் தாரணியும் ஒருத்தி.

அந்த வரைபடத்தில் அசோகன் அளந்த ஏழு புள்ளிகளும் இருந்தன. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து, உதவித்தொகையில் படித்து, இளம் வயதில் ஒரே ஒரு வருடம் ஐரோப்பாவில் ஒரு குளிர்ந்த ஊரில், புரோட்டான்களை முடுக்கிவிடும் சைக்ளோட்ரான் இயந்திரத்தில் வேலை செய்து அளந்தவை. திரும்பி வந்து கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு கட்டுரை, நாற்பது வருடமாக அதைப் பற்றி ஒரு ஈ காக்கைகூட விசாரித்ததில்லை. தாரணி மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். மற்றவர்களின் புள்ளிகளெல்லாம் ஒரு கோட்டைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அசோகனின் ஏழும் அவற்றுக்கு மேலே, கல்யாண வீட்டில் யாரும் பேசாத உறவினர்போல், தள்ளி நின்றன.

அவள் கேட்டது ஒரே கேள்வி. எத்தனை புரோட்டான்கள் பாய்ந்தன என்று தெரிந்துகொள்ள இட்ரியத்தோடு ஒரு தாமிரத் தகட்டையும் சேர்த்து வைப்பார்கள். தாமிரம்தான் சாட்சி. அதற்குரிய எண்ணை எந்த அட்டவணையிலிருந்து எடுத்தீர்கள், பழையதா, புதியதா? கட்டுரையில் அது இல்லை. பழையது என்றால், அதிலிருந்த தவறு எவ்வளவு என்று இப்போது தெரியும், புள்ளிகளைத் திருத்தலாம். இல்லையென்றால் தூக்கியெறிய வேண்டியதுதான். எறிவதற்குமுன், அளந்தவர் உயிரோடு இருந்தால், ஒரு வார்த்தை கேட்பது அவர்கள் தொழிலில் வழக்கம்.

அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே அசோகனுக்கு விடை தெரிந்துவிட்டது. பழையதுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால், மல்லேஸ்வரத்திலிருந்து மெட்ரோ பிடித்து, பஸ் மாறி, இந்த வெயிலில் சந்தாபுரா வர யாருக்கு என்ன வேலை?

ஆகவே அன்றைக்கு சைக்ளோட்ரானின் காந்தத்தைப் பற்றிச் சொன்னார். அது புரொஃபசரின் பூட்ஸ் ஆணிகளைக் கவ்விக்கொண்டது. மனுஷன் வெறும் சாக்ஸோடு பனியில் வீட்டுக்குப் போனார். குளிர்காலம் முழுக்க பூட்ஸ் அங்கேயே நின்றது. வசந்தத்தில் காந்தத்தை அணைத்தபோது வலது பூட்ஸில் ஒரு பறவை குஞ்சு பொரித்திருந்தது. இடதில் பொரிக்கவில்லை, அதில் ஓட்டை. தாரணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டபோதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. 'சார், காப்பர்?' என்று செய்தி அனுப்பினாள். 'நேர்ல சொல்றேன்' என்று பதில் போட்டார்.

இரண்டாம் முறை தாமிரத்தைப் பற்றியே சொன்னார். லேபில் தகடு தீர்ந்துவிட்டது, ஆகவே ஊரிலிருந்து கொண்டுபோன அம்மாவின் தாமிரச் சொம்பை வெட்டித் தட்டி வைத்தேன் என்றார். சொம்பைக் குண்டு என்று நினைத்து கஸ்டம்ஸ்காரர்கள் மேசைக்கடியில் பதுங்கியதையும் விடவில்லை. அன்று தாரணி சிரிக்கவில்லை, வேகமாகத் தட்டச்சு செய்தாள். அதைப் பார்த்ததும் நிறுத்தியிருக்கலாம். கதை பாதியில் இருந்தது.

இன்று மூன்றாம் முறை. பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா. குந்து. காரா பன் சூடா வாங்கியாந்தேன்."

"சார், அந்தச் சொம்பு."

"எந்தச் சொம்பு?"

"உங்கம்மா சொம்பு. அதை குரூப்புக்கே மெயில் போட்டுட்டேன் சார். ஜெர்மனிலேர்ந்து ஒருத்தர் கேக்கறாரு, சொம்புல ஜிங்க் எத்தனை பர்சென்ட், ஈயம் பூசினதா பூசாததான்னு. இன்னொருத்தர் ரெஃபரென்ஸ் கேக்கறாரு. சொம்புக்கு ரெஃபரென்ஸ்!"

அசோகனுக்கு வயிற்றிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. "ஈயம் பூசாததுன்னு எழுதிடு."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

"பதினஞ்சு வருஷமா இந்த வேலை செய்யறேன் சார். நான் எழுதினா ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க. இப்ப ஒவ்வொரு மெயில்லயும் ஒரு சொம்பு படம் போட்டு அனுப்பறாங்க." உட்கார்ந்தாள். "அது பொய்தானே?"

"பொய்னு இல்லமா, அது வந்து..."

"சார்."

"பொய்தான்."

வாஷிங் மெஷின் பாடி முடித்தது. தாரணி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அறிக்கையில ரெண்டு படம் போடுவோம். மொத படத்துல அளந்தவங்க எல்லாரும் இருப்பாங்க. ரெண்டாவதுல நாங்க நம்பினவங்க மட்டும். கோடு அதுலேர்ந்துதான். நாளைக்கு மீட்டிங். அதோட முடிஞ்சிடும்."

"பழைய டேபிள்மா," என்றார் அசோகன். "லேப்ல எல்லாருக்கும் அதான். வேற இருக்கலை."

அவள் தலையை நிமிர்த்தினாள். "மொத நாளே தெரியுமா?"

"ஹௌது," என்று கன்னடத்தில் ஒப்புக்கொண்டார்.

"அப்ப ஏன் சார்?"

காரணத்தைச் சொல்ல வாயெடுத்தார். அதுவும் ஒரு கதை மாதிரியே இருக்கும் என்று தோன்றியது. பன் தட்டை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்.

தாரணி மடிக்கணினியைத் திறந்து ஏதோ தட்டினாள். ஏழு புள்ளிகளும் மெல்ல இறங்கிக் கூட்டத்துக்குள் உட்கார்ந்தன. அசோகன் குனிந்து பார்த்தார். "எது என்னுது?"

"நீலம் சார். எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்துடுச்சு. தேடணும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தேடினார். கிடைக்கவில்லை. கிடைக்காததில் ஒரு சுகம் இருந்தது, பந்தியில் நடுவிலே இடம் கிடைத்த மாதிரி. அக்கம்பக்கத்தில் யார் யார் என்றுகூடக் கேட்கத் தோன்றியது. ஜப்பான்காரராக இருக்கலாம், ஹங்கேரிக்காரராக இருக்கலாம். பாதிப் பேர் செத்துப்போயிருப்பார்கள். பரவாயில்லை, பக்கத்தில் இருக்கிறார்களே.

"ரொம்ப நல்லா உக்காருது," என்றாள் தாரணி. "அதான் சார் பயமா இருக்கு."

"நல்லா உக்காந்தா நல்லதுதானே?"

"பொருந்துதுங்கறதுக்காகத் திருத்தக் கூடாது. அப்படித் திருத்தினா எல்லாரும் பொருந்திடுவாங்க. தெரிஞ்சாத்தான் திருத்தலாம். இதுல எனக்குத் தெரிஞ்சதுன்னு இருக்கறது உங்க பேச்சு ஒண்ணுதான்." ஒரு விசையைத் தட்டினாள். புள்ளிகள் கிளம்பி மறுபடி மேலே போய்த் தனியாக நின்றன. "உங்க கட்டுரையில ஒவ்வொரு எண்ணுக்கும் பிழை இவ்வளவு இருக்கலாம்னு போட்டிருக்கீங்க. கரெக்டா போட்டிருக்கீங்க. உங்க பேச்சுக்கு எவ்வளவு போடறது, சொல்லுங்க."

அவர் கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார்.

அவள் போனை எடுத்து மேசையில் வைத்தாள். "ஒரே ஒரு தடவை, கதை இல்லாம. ரெக்கார்ட் பண்ணிக்கறேன்."

அசோகன் தொண்டையைச் செருமினார். உடனே கதைகள் வந்து வாசலில் வரிசை கட்டின. பழைய அட்டவணையை அலமாரியில் பூட்டிவைத்து அதன்மேல் படுத்துத் தூங்கிய லேப் பூனை முன்னால் நின்றது. நல்ல பூனை, ஒரு காது மட்டும் கறுப்பு. அவர் அதை உள்ளே விடவில்லை.

"காப்பருக்குப் பழைய டேபிள் எடுத்தேன். நானே எடுத்தேன். அசோகன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே அது நம்பும்படியாக இல்லை. எலும்பு மட்டும் எழுந்து நடந்து வந்த மாதிரி இருந்தது. ஒரு பூனையாவது இருந்திருக்கலாம்.

தாரணி போனைப் பையில் போட்டுக்கொண்டாள். எழுந்து நின்றபடியே ஒரு துண்டு பன்னை எடுத்துத் தின்றாள். மிளகாய் உறைத்திருக்க வேண்டும், ஆனாலும் தண்ணீர் கேட்காமல் கிளம்பினாள். அசோகன் செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் கூட வந்தார். முந்தின இரண்டு தடவையும் வந்ததில்லை.

"மீட்டிங்ல உங்க வார்த்தையை வைப்பேன்," என்றாள். "ஆளை நம்பலாமான்னு கேப்பாங்க. அவங்க பார்த்ததில்ல, நான்தான் பார்த்திருக்கேன். நான் என்ன சார் சொல்லட்டும்?"

லிஃப்ட் வந்து வாயைத் திறந்தது. அசோகன் அதன் பித்தளைப் பட்டன்களைப் பார்த்தார்.

"நீதானே எடை போடறவ. நீயே சொல்லு."

அவள் உள்ளே போய்த் திரும்பி நின்று அவரைப் பார்த்தாள். திரையில் புள்ளிகளைப் பார்க்கிற அதே பார்வை. கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று தலை லேசாகச் சாய்ந்தது. கதவு மூடிக்கொண்டது.

கதவுக்கு மேலே சிவப்பு எண் ஒவ்வொன்றாகக் குறைந்து தரைத்தளத்தில் நின்றது. அசோகன் வீட்டுக்குள் போகாமல் ஐந்தாம் மாடி லிஃப்ட் வாசலிலேயே நின்றார். பிற்பகலில் அந்தக் கட்டடத்தில் மேலே ஏறி வர ஆளில்லை என்பது காவலாளிக்குத் தெரியும், லிஃப்டுக்கும் தெரியும். கீழே ரோட்டில் ஓசூர் பஸ் ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

எண் ஒன்று ஆயிற்று. பிறகு இரண்டு. அசோகன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார். மூன்றில் நின்றது. கூரியர்க்காரனாக இருக்கலாம், கதவுகூடத் திறந்திருக்கலாம். அவர் செருமாமல் நின்றார். மூன்று, மூன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. பிறகு, யோசித்துவிட்டு ஏறுவதுபோல், நான்கு.