அக்கா எழுதிய பக்கம்

அக்காவுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அடுத்தவர் எழுதியதைக் கண்டாலே கை அரிக்கும். வீட்டுக்கு வரும் மின்கட்டண நோட்டீஸைக்கூட விட்டுவைக்க மாட்டாள். அப்படிப்பட்டவளிடம் போய்த் தங்கை தன் டைரியை ஒப்படைத்தாள். வேறு யார் இருந்தார்கள்?

தங்கைக்கு இருபது வயது. தசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற நோய். முதலில் கால் போயிற்று, பிறகு விரல்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து விடாமல் எழுதியவள், பேனா நழுவத் தொடங்கியதும் அக்காவை உட்காரவைத்துத் தான் சொல்லச் சொல்ல எழுதவைத்தாள். இப்போது நாக்கும் தடிக்க ஆரம்பித்திருந்தது. பேச்சும் நின்றுவிடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவளுக்காகப் பேச அந்த டைரி ஒன்றுதான். அதனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் சொல்றத அப்படியே எழுதணும். அழகு பண்ணக் கூடாது."

அக்கா தலையை ஆட்டினாள். ஆட்டுவதற்கு என்ன செலவா? ஆரம்பத்தில் இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல் என்று தட்டிக்கொட்டினாள். அதைத் தொழில் புத்தி என்று மன்னித்துவிடலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை செய்ததை அப்படிச் சொல்ல முடியாது.

தங்கையைக் குளியலறை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றிவிட்டு, துண்டு எடுக்க வந்தாள். போன் அடித்தது. கூட வேலை பார்ப்பவள். மேலாளரின் புது விக் பற்றிய சேதி. அக்கா வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. உள்ளேயிருந்து தங்கை கூப்பிட்டது காதில் நன்றாகவே விழுந்தது. இரண்டாம் முறையும் விழுந்தது. கொஞ்ச நேரம் யாருக்கும் அக்காவாக இல்லாமல் இருக்கிறேனே என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் திரும்பிப் போனபோது தங்கையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

அன்று மாலை தங்கை சொன்னாள்: "கூப்பிட்டேன். அக்காவுக்குக் கேட்டுச்சு. கதவைச் சாத்திக்கிட்டா."

அக்கா எழுதியது வேறு. கூப்பிட்டேன், போன் பேச்சில் அக்காவுக்குக் கேட்கவில்லை என்று எழுதினாள். வாசித்துக் காட்டச் சொன்னபோது, தங்கை சொன்னதையே கூசாமல் ஒப்பித்தாள்.

அதன்பின் குற்ற உணர்ச்சி அவளை உட்காரவிடவில்லை. தேவைக்கு மேல் இதமாகத் துவட்டினாள். தங்கைக்குப் பிடித்ததையெல்லாம் வாங்கிக் குவித்தாள். உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

மறுமாதம் பிசியோதெரபிஸ்ட் சக்கர நாற்காலியில் ஒரு புத்தகத் தாங்கியைப் பொருத்திவிட்டு, இனி நீயே படிக்கலாம் என்றார். தங்கை கேட்டது டைரியைத்தான். தாள் புரட்டுவது அக்காவின் பொறுப்பு. அந்த ஞாயிறு நெருங்கியதும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினாள்.

"ரெண்டு தாள் போயிருச்சு," என்றாள் தங்கை.

திருப்பிவைத்தாள். தங்கை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"நான் இப்படிச் சொல்லல."

"ஆமா. எனக்குக் கேட்டுச்சு. வேணும்னேதான் வரல."

சொல்லிவிட்டு அக்கா உடைந்து அழுதாள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டுச் சரியாக எழுதித் தருவதாகச் சொன்னாள். மன்னிக்கச் சொல்லிக் கெஞ்சினாள். தங்கை அவளைப் பேனாவை எடுக்கச் சொன்னாள். நாக்கோடு மல்லுக்கட்டி ஒவ்வொரு சொல்லாக வெளியே கொண்டுவந்தாள்.

"கிழிக்காத. அது நீ எழுதினது, இருக்கட்டும். இன்னைக்குத் தேதி போடு. அக்கா அழுதா. எனக்குப் பாவமா இருந்துச்சு. ஆனா இன்னும் மன்னிக்கல."

கடைசிச் சொல்லுக்கு முன்னால் பேனா நின்றது. பிறகு அதையும் எழுதினாள். மூடப் போனாள்.

"காட்டு," என்றாள் தங்கை.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் காட்டச் சொன்னாள். ஒருநாளும் மறக்கவில்லை. பேச்சு நின்றுபோன அன்றும் அக்கா டைரியைத் திறந்து தேதி போட்டாள். அதற்குக் கீழே எதுவும் எழுதாமல், தாங்கியில் வைத்துத் தங்கையிடம் காட்டினாள்.