அவள் பெயருக்குக் கடைசி விலை

செத்துப்போன மனைவியின் பெயருக்கு வருடத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பின் விலை. தோல் செருப்புகூட இல்லை. இணையத்தில் பெயர்களை விற்கிற கம்பெனி அந்த விலைக்குத்தான் அவள் பெயரைக் கொடுத்திருந்தது. கட்டினால் அந்தப் பெயரில் அவள் எழுதிய தளம் இன்னொரு வருடம் இருக்கும். கட்டாவிட்டால் இருக்காது.

திரைச்சீலைக் கடைக்காரர் கட்டவில்லை. கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். கடைத்தெருவில் அவருக்குப் பெயரே ‘கடைசி விலை’. எதை வாங்கினாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் பைக்குள் கை போகாது. மனைவிக்கு இன்னும் ஆறு மாதம் என்று டாக்டர் சொன்னபோதுகூட, “சரி, கடைசியா எவ்வளவு சொல்றீங்க?” என்று கேட்டவர். அந்த டாக்டர் ஒருவர்தான் அசையவில்லை.

தளத்தை அமைத்துக்கொடுத்தது மகள். அவளுக்கு அதுதான் தொழில். சுழலுகிற படமோ வரவேற்புரையோ எதுவும் வைக்கவில்லை. பதிவுக்கு ஒரு கேள்வி, அதற்கு அம்மாவின் பதில். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு என்ன துணி? துவைத்தால் எவ்வளவு சுருங்கும்? படங்களில் துணியோடு அவள் விரலும் இருக்கும், நெசவின் நெருக்கம் தெரிய. யாராவது கேட்டு எழுதினால் அன்றைக்கே பதில்.

“எல்லாத்தையும் ஓசியில சொல்லிட்டா கடைக்கு எவன் வருவான்?” என்று அவர் சிரித்தார்.

வந்தார்கள். போனை நீட்டி, “இதை எழுதின அக்கா இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அதோடு விட்டாளா? விலைகளையும் போட்டு, அடியில் ஒரு வரி எழுதினாள்: ‘இங்கே போட்டிருக்கும் விலைதான் விலை.’ பேரம் பேசாமல் காசை வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் இருந்தவரை அந்த விலைப் பட்டியலைத் தவிர எதையும் அவர் படித்ததில்லை. போன பிறகுதான் ஆரம்பித்தார். முதல் பதிவிலிருந்து, கடை திறந்ததும் ஒன்று, ஒன்றே ஒன்று. நல்ல சரக்கை ஒரே நாளில் தீர்த்துவிடுவானா வியாபாரி? துணிக்கு நடுவே அவரும் தலைகாட்டினார். ‘எங்க வீட்டுக்காரர் வாயால ஆயிரம் சொல்லுவார், ஆனா அளவுகோலைக் கையில எடுத்துட்டா பொய் வராது.’ அதைப் படித்த காலை, முதல் வாடிக்கையாளரைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி கம்பெனியின் மெயில் அவள் போனுக்கு வந்தது. போன் கல்லாவில் இருந்தது.

“நான் கட்டிடறேம்பா,” என்றாள் மகள்.

“நீ கை வைக்காத. நான் பேசிக்கறேன்.”

“பேரம் பேசற இடமில்ல அது.”

“விக்கிறவன் இருக்கிற இடமெல்லாம் பேரம் பேசற இடம்தாம்மா.”

அடுத்த மெயிலில் பத்து சதவீதம் தள்ளுபடி. அதற்கடுத்ததில் இருபது. பக்கத்துப் பூட்டுக்கடைக்காரரிடம் காட்டினார்.

“பாத்தியாய்யா? நான் வாயே திறக்கல. தானா இறங்கி வர்றான்.”

“பொண்டாட்டி பேருய்யா. கட்டித் தொலையேன்.”

“அதுக்காகத்தான் சொல்றேன். அவ பேரை ஏமாந்து வாங்கினேன்னு இருக்கக் கூடாது.”

மகளிடம் கட்டியாச்சு என்று சொல்லிவைத்தார். எப்படியும் கட்டத்தானே போகிறோம், இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்.

அப்புறம் இறங்கவில்லை. ஒரு காலையில், திரைச்சீலைக்கு உள்துணி தைப்பது பற்றிய பதிவு பாதியில் இருக்க, தளம் திறக்கவில்லை. மீட்க வேண்டுமானால் பத்து மடங்கு என்று மெயில் வந்தது. அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து போன வாடிக்கையாளனைக் கூப்பிட்டு விலையை ஏற்றுகிறவனும் ஒரு வியாபாரியா? முதலில் கூப்பிடுகிறவன் தோற்றான். அவர் கூப்பிடவில்லை. எதிராளி மசிந்துவிட்டானா என்று அவள் தளத்தை மட்டும் அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து மகள் கடைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காராமல் போனை மேஜைமேல் வைத்தாள். அவள் அம்மாவின் பெயரில் சூதாட்ட விளம்பரம் மின்னிக்கொண்டிருந்தது.

“கட்டியாச்சுன்னீங்களே.”

அவர் அளவுகோலை எடுத்து, திரும்ப வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

“அந்த மெயிலை மனுஷன் எழுதறதில்லப்பா. மெஷின் அனுப்புது. நீங்க யார்கிட்ட பேரம் பேசினீங்க?”

“எழுதினதெல்லாம்?”

“எழுதினதை வெச்சிருந்த இடமும் அவங்ககிட்டதான் வாடகைக்கு இருந்துச்சு. நகலும் அதுலயே வெச்சிருந்தேன், அது என் புத்தி. எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க. தேடினதுல விலைப் பட்டியல் பக்கம் ஒண்ணுதான், பழைய பக்கங்களைச் சேத்துவெக்கிற வேற இடத்துல கிடைச்சுது.”

“பேர்?”

“எவனோ தரகன் வாங்கிட்டான். விப்பான்.”

தரகனுக்கு எழுதினார்கள். கடையின் ஒரு மாத வாடகை கேட்டான். ‘கடைசி விலை’ பழைய ஆளாகி நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்களுக்கு அவசரமில்லை, வேறு பெயரும் பார்க்கிறோம் என்று எழுதச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து அவனே எழுதினான், இரண்டு மாத வாடகை கேட்டு. இந்தப் பெயரைத் தேடித் தினமும் ஐம்பது வருகைக்குக் குறைவில்லையாம், நாளுக்கு நாள் கூடுகிறதாம்.

அவர் முகம் மலர்ந்தது. “பாத்தியா? உங்கம்மாவை இன்னும் தேடறாங்க.”

மகள் யோசித்தாள். “அம்மா எழுதறதை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆச்சு. தளமும் இல்ல. யாருப்பா இப்படித் தினம் வருவா?” பிறகு அவரைப் பார்த்தாள். “நீங்க எத்தனை தடவை திறந்து பாக்கறீங்க?”

“கடை திறந்ததும் ஒரு தடவை. ஆள் வந்து போனா ஒரு தடவை. டீ குடிக்கறப்ப. திரும்ப வந்திருக்குமோன்னு.”

“நீங்க வந்த ஒவ்வொரு தடவையையும் அவன் எண்ணியிருக்கான். விலையை ஏத்தினது நீங்கதாம்பா.”



“கேக்கறதைக் குடுத்துரு,” என்றார் அவர்.

“பேர் மட்டும்தாம்பா வரும். அம்மா எழுதினது வராது.”

“தெரியும். குடுத்துரு.”

“கொஞ்சம் குறைச்சுக் கேக்கலாம்.”

“கேக்காத.”

பெயர் வந்தது. வெள்ளைப் பக்கத்தில் என்ன போடுவது என்று மகள் கேட்டாள். கிடைத்த பக்கத்தில் விலைகளையெல்லாம் எடுத்துவிட்டு அடிவரியை மட்டும் விடச் சொன்னார். ‘இங்கே போட்டிருக்கும் விலைதான் விலை’ என்று மட்டும் நின்றது. கீழே, அவர் கேட்டுக்கொண்டபடி, வருகிறவர்களை எண்ணும் ஒரு கட்டம்.

மறுநாள் கடை சாத்தும்போது கட்டத்தைப் பார்த்தார்கள். வருகை நாற்பத்தாறு. அதில் அவருடையது நாற்பத்து மூன்று. சரியாகத் திறக்கிறதா என்று மகள் பார்த்தது மூன்று. பாக்கி ஒன்றுமில்லை.