நடு டியூப்

எனக்குக் காய்ச்சல் வந்த விஷயம் திங்கட்கிழமை காலை எட்டே இருபதுக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பேருந்து டிப்போவில் நான் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த ஓட்டுநர் எத்தனை நிமிடம் தாமதம் என்று கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறவள். எட்டே இருபது என்றால் தும்மக்கூட நேரம் இருக்காது. அப்போது பார்த்துக் கைபேசி அடித்தது. ஆற்றோரத்தில் மரக் கேபின்கள் வாடகைக்கு விடுகிற அம்மா. மூன்று மாதத்தில் பதினான்கு தடவை கூப்பிட்டு நான் உயிரை வாங்கிய அம்மா. முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம்.

"அக்கா, இப்ப உடம்பு தேவலையா?"

"என் உடம்புக்கு என்னம்மா?"

"காய்ச்சல்னு சொன்னாங்களே. கடைசி நேரத்துல உங்களால வர முடியலன்னு உங்க தங்கச்சி ரொம்ப வருத்தப்பட்டாங்க. நேத்து சாயங்காலம் கிளம்புற அவசரத்துல தண்ணி புகாத பை ஒண்ண இங்கயே விட்டுட்டாங்க. அவங்க மருந்துக்கடை நம்பருக்குப் போட்டேன், யாரும் எடுக்கல. அதான் உங்களுக்கே போட்டேன்."

கூண்டுக்கு வெளியே பதினேழாம் நம்பர் வண்டியின் ஓட்டுநர் தாளை நீட்டிக்கொண்டு நின்றார். நான் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "அக்கா, மணி ஏழுன்னு போட்டிருக்கீங்க" என்றார். பதினோரு வருஷத்தில் நான் தப்பாக எழுதிய முதல் மணி அது.

"ஆமாம்மா, காய்ச்சல்தான்" என்றேன் போனில். "எத்தன பேர் வந்தாங்க?"

"நாலு பேருந்தான். உங்க தம்பி, அவர் சம்சாரம், தங்கச்சி, அவங்க வீட்டுக்காரர். உங்க லிஸ்ட்ட வெச்சுத்தான் எல்லாம் பண்ணாங்க. ஒரு குறையும் இல்லன்னு சொல்லிட்டுப் போனாங்க."

ஒரு குறையும் இல்லையாம்.

இந்த ஆற்றுப் பயணம் தங்கை குட்டியின் ஆசை. காற்றடைத்த பெரிய டியூபில் சாய்ந்துகொண்டால் போதும், ஆறே இழுத்துக்கொண்டு போய் மூன்று மணி நேரத்தில் கேபின் படிகளில் விட்டுவிடும். அவள்தான் அதைக் கைபேசியில் காட்டி, "நாம அஞ்சு பேரும் ஒரு தடவையாவது போகணும்க்கா" என்றாள். சும்மா இருக்கக்கூட யாராவது ஏற்பாடு செய்தாக வேண்டுமே. வழக்கம்போல அது என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்கிறேன், உண்மையில் நானே தலையைக் கொடுத்தேன்.

இரண்டு பக்கத்துக்குத் திட்டம் எழுதினேன். ஜெனரேட்டர் சத்தம் கேட்காத கேபின், அதாவது கோடியில் இருக்கும் மூன்றாவது. தம்பி மனைவிக்கு முழங்கால் வலி, அதனால் அவளுக்குக் கீழ்க்கட்டில். பாறை இடுப்பில் இடிக்காமலிருக்க அடியில் துணி தைத்த டியூப். ஒன்பது பத்துக்குத் தண்ணீரில் இறங்க வேண்டும், பதினொன்றரைக்கு மணல்திட்டில் சாப்பாடு. கடைசியில் ஐந்து வட்டம் வரைந்து, டியூப்களை எந்த வரிசையில் கயிற்றால் கட்டுவது என்றும் குறித்திருந்தேன். ஐஸ்பெட்டி தனி டியூபில், வால் மாதிரி பின்னால். நீச்சல் தெரிந்த தம்பி இடது கோடி, குட்டியின் வீட்டுக்காரர் வலது கோடி. நீச்சல் தெரியாத ஆள் நடுவில். நடு வட்டத்துக்குள் 'நான்' என்று எழுதியிருந்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன் குட்டி கூப்பிட்டாள். "தம்பிக்கு லீவு இல்லையாம்க்கா. மழையெல்லாம் முடியட்டும், அப்புறம் பாப்போம். கேபின்காரம்மாகிட்ட நானே சொல்லி நிறுத்திடறேன், நீ அலையாத." அவள் குரலில் ஏமாற்றம் இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது. நான் வேறு அவளுக்கு ஆறுதல் சொன்னேன். "விடுடி, ஆறு எங்க போயிடப் போகுது?"

ஆறு எங்கேயும் போகவில்லை. இவர்கள்தான் போயிருக்கிறார்கள். ஒரு வேலையை அடுத்தவரிடம் விட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"பைக்குள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு பேப்பர்தான். போட்டோ எடுத்து அனுப்பவா?"

அனுப்பினார். அந்தப் பையை வாங்கி, திட்டத்தோடு குட்டியிடம் கொடுத்து வைத்ததே நான்தான். உள்ளே என் இரண்டு பக்கம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு டிக். கேபின் டிக், கீழ்க்கட்டில் டிக், ஒன்பது பத்து டிக். எல்லாம் நான் எழுதியபடியே நடந்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். நடு வட்டத்தில் 'நான்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'ஐஸ்பெட்டி' என்று எழுதியிருந்தது. முத்து முத்தான எழுத்து. மாத்திரை உறைகளின் மேல் 'காலை 1, இரவு 1' என்று நாளெல்லாம் எழுதுகிற கை. உலகத்திலுள்ள அத்தனை கையெழுத்துக்கு நடுவிலும் என் தங்கையின் கையெழுத்து எனக்குத் தெரியும். அந்தக் கைக்கு 'அ' போடச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே.

அழுகை வந்திருந்தாலாவது பரவாயில்லை, வரவில்லை. ஷிஃப்ட் முடியும்வரை வண்டிகளை அனுப்பிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு எந்த ஓட்டுநரும் என்னிடம் வாய் கொடுக்கவில்லை.

சாயங்காலம் நேராகக் குட்டி வீட்டுக்குப் போனேன். பால்கனிக் கொடியில் நான்கு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் ஈரச் செருப்பு, அடியில் மணல். அவள் வீட்டுக்காரர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. குட்டி கதவைத் திறந்தாள். முகமெல்லாம் கறுத்து, மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது.

"வாக்கா, என்ன திடீர்னு? டீ போடவா?"

"போடு. சனி ஞாயிறு என்ன பண்ணுன?"

"வீட்லதான்க்கா. மாடித் தொட்டி கழுவுனோம். வெயில்ல நின்னு மூஞ்சி பாரு எப்படி ஆயிடுச்சுன்னு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் சோறே இல்லாத தட்டில் மறைத்தாள். அப்போதும் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன். இப்போதாவது சொல்லிவிடமாட்டாளா என்று இருந்தது.

"தம்பிக்கு லீவு ஏதாவது கெடச்சுதாமா?"

"எங்கக்கா. அவன் பாவம், லிஃப்ட் ரிப்பேர் ரிப்பேர்னு அலையறான்."

கைபேசியைச் சமையல் மேடையில் அவள் முன்னால் வைத்தேன். படத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"யாரு சொன்னா உனக்கு?"

"இதான் உன் மொதக் கேள்வியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஏமாத்தணும்னு பண்ணலக்கா."

"பின்ன? தானா மிதந்து போயிட்டீங்களா?"

கரண்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். திறந்த பிறகு நிற்கவில்லை. "நீ வந்தா எங்களால சும்மா இருக்க முடியலக்கா. போன வருஷம் கடற்கரைக்குப் போனோமே, நாப்பது நிமிஷம் ஆச்சுன்னு மணல்லேர்ந்து எல்லாரையும் எழுப்பி விட்ட. தம்பி பொண்டாட்டி பாதி தூக்கத்துல எந்திரிச்சா. தம்பிதான் சொன்னான், ஒரே ஒரு தடவ அக்கா இல்லாம போய்ப் பாப்போம்னு."

"அவன் சொன்னான். நீ என்ன சொன்ன?"

அவள் டீத்தூள் டப்பாவை மூடினாள்.

"குட்டி, உன்னத்தான் கேக்கறேன்."

"சரின்னேன்."

மணலில் எழுப்பியது நிஜம். இல்லையென்று சொல்லமாட்டேன். இதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், ஐந்தாம் நாள் நானே போன் செய்திருப்பேன். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கூட இருந்தே குழி பறித்தாள்.

"நான் வேண்டாம், சரி. என் ரெண்டு பக்கம் மட்டும் எதுக்கு?"

"அது இல்லாம எப்படிப் போறதுன்னு எங்களுக்குத் தெரியலக்கா."

அதைச் சொல்லும்போது அவளுக்கே அது எப்படிக் கேட்டதோ தெரியவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கழுவத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கழுவிய கரண்டி.

"இந்த ஐஸ்பெட்டி?"

"கயிறு கட்டுறவரு நடுவுல பாரமா ஏதாவது இருந்தாத்தான் வரிசை கோணாதுன்னாரு. நீ இல்ல, அதனால..."

"அதனால எழுதுன. எழுதும்போது சிரிச்சீங்களா?"

"அக்கா, விடுக்கா."

"சிரிச்சீங்களாடி?"

"சிரிச்சோம்" என்றாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த மாதிரி கால் வலித்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

"மூணு மாசமா காலைல ஆறு மணிக்கு நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போறேன். லேடீஸ் டயம். அங்க எல்லாம் பத்து வயசுப் பொண்ணுங்க, நான் ஒருத்திதான் கெழவி. சொல்லிக் குடுக்கற அம்மா தெனம் திட்டும், கழுத்த விறைக்காதீங்க, விடுங்க, தண்ணி தாங்கும்னு. எனக்கு விட வரலடி. ரெண்டு மாசம் மூக்குல தண்ணி ஏறி ஏறி இருமுனேன். போன மாசந்தான் விட்டேன். இப்ப மிதக்கறேன்."

குட்டி திரும்பிப் பார்த்தாள். "ஏன்க்கா சொல்லல?"

"ஆத்துல வந்து காட்டலாம்னு இருந்தேன். பாதி வழியில நானே என் கயித்த அவுத்துட்டு, உங்களுக்கு முன்னாடி தனியாப் போகலாம்னு. அது ஒண்ணுதான் அந்த ரெண்டு பக்கத்துல எழுதல."

அவள் அழ ஆரம்பித்தாள். சின்ன வயதில் அவள் அழுதால் நான் என்ன வேலையிலிருந்தாலும் ஓடுவேன். இன்றைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து நகரவில்லை. ஆறிப்போன டீ பாத்திரத்தில் ஏடு படிந்திருந்தது. நான் கைபேசியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

வாசல்வரை பின்னாலேயே வந்தாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசமே போகலாம்க்கா. நாம அஞ்சு பேரும். மணியெல்லாம் உன் இஷ்டம். நீயே திட்டம் போடு, எல்லாரும் கேக்கறோம்."

செருப்பை மாட்டிக்கொண்டேன். அவள் கையிலிருந்து முந்தானையை மெல்ல உருவினேன்.

"ஐஸ்பெட்டியக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். "எனக்குக் காய்ச்சல்."