பத்துத் தடவை அனுப்பிய மெயில்

பதில் வராவிட்டால் எங்கள் மேலாளருக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும், மறுபடி அனுப்புவது. அன்று காலையிலிருந்து பத்துத் தடவை அனுப்பியிருந்தார்.

விஷயம் விளையாட்டல்ல. எங்கள் மருத்துவமனையின் கிளைகளுக்குப் புதிதாக அனுப்பிய ஊசி மருந்தில் கோளாறு. போட்டால் உயிருக்கே ஆபத்து. மற்றக் கிளைகளுக்கெல்லாம் போனில் சொல்லியாயிற்று. மலைமேல் இருக்கும் சின்ன மருத்துவமனைக்கு மட்டும் போன் கிடையாது. ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் மேகம் விலகினால்தான் சாட்டிலைட் லைன் கிடைக்கும். அங்கே நர்ஸ் என் அக்கா.

"என்னப்பா, போச்சா?" மேலாளர் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க சார் போகுது? பத்தும் நம்ம சர்வர்லயே வரிசையில நிக்குது. ஒவ்வொண்ணுலயும் மருந்துப் பெட்டி போட்டோ. பாதி போறதுக்குள்ள லைன் கட்டாகுது, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்குது."

"முக்கியம்னுதானே போட்டோ வெச்சேன்."

அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லை. இன்னொரு வினையும் இருந்தது. தோற்கத் தோற்க, எங்கள் சர்வர் அடுத்த முயற்சியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும். இது கதவைத் தட்டும்போது அங்கே லைன் இருக்காது. அங்கே லைன் வரும்போது இது தூங்கும். சர்வரின் அந்தப் புத்தியை மாற்றி எழுதினேன்: நீ போய்த் தட்டாதே. மலைக் கம்ப்யூட்டர் லைனுக்கு வந்து கேட்டதும் வரிசையைத் திறந்துவிடு. பத்து மெயிலையும் நிறுத்திவைத்தேன். இரண்டே வரி அடித்தேன்: 'புது ஊசி யாருக்கும் போடாதே. மருந்தில் கோளாறு.'

மதியம் தாண்டித்தான் லைன் வந்தது. என் மெயில் போனது. அக்கா காலையில் எழுதி, அங்கே காத்துக்கிடந்த மெயிலும் அதே லைனில் வந்து விழுந்தது.

'தம்பி, ரெண்டு நாளா காய்ச்சல் விடல. புது ஊசி வந்திருக்கு, மதியம் நானே போட்டுக்கிறேன். அம்மாகிட்ட சொல்லாத.'

லைன் போய்விட்டது. மேலாளரும் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்திருந்தார்.

"நம்மது போயிடுச்சில்ல?"

"போயிடுச்சு சார். அவ படிச்சாளான்னுதான் தெரியல."

மேலாளர் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர்மேல் இருந்த கோபத்தைத் தேடினேன், காணவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

வெகுநேரம் கழித்து மறுபடி லைன் வந்தது.

'சிரிஞ்சுல மருந்த ஏத்திட்டு பஞ்சு தேடிட்டிருந்தேன்டா. கம்ப்யூட்டர் மணி அடிச்சுது, பாத்தா உன் மெயில். எல்லாத்தையும் கொட்டிட்டேன். காய்ச்சலும் இருக்கு, நானும் இருக்கேன்.'

மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். மேலாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து வந்தார்.

"நான் ஒரு பதில் போடட்டுமாப்பா?"

"போடுங்க சார்," என்றேன். "ஒரே தடவ."